வெளிமாநிலத் தமிழர் இல்லத்தில் உயர்தெளிவுத் தொலைக்காட்சி

கடைக்காரர் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் விலையைச் சொல்லும்போது, அதன் திரைக்குரிய விலையைத்தான் சொல்கிறார். அத்திரையில் என்ன தெரியும் என்பது அந்த விலையில் அடங்கியதன்று. இவ்வேறுபாடு விளங்காமையால், பெருந்தொகை கொடுத்துப் பெரிய பெட்டியைக் கொண்டுவந்து மாட்டிய மறுநாளே, 'பழைய பெட்டியில் இதைவிட நன்றாகத் தெரிந்ததே' என்று மனம் நோவோர் பலர். அவர்கள் கண்ணில் குறையில்லை. பெட்டியிலும் பெரும்பாலும் குறையில்லை. குறை எங்கே இருக்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்நாட்டில் வாழ்வோருக்கும் இது பயன்படும். ஆயினும் தில்லி, மும்பை, கொல்கத்தா, போபால் எனப் பணியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் பிற மாநிலங்களில் குடியேறிய நமக்கு இதில் தனியானதோர் அக்கறை உண்டு. கணவரை இழந்தபின் மகன் வீட்டில் வந்து தங்கியிருக்கும் தாயாரை எண்ணிப் பார்ப்போம். மகனும் மருமகளும் அலுவலகம் சென்றுவிடுவர். பேரப் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றுவிடுவர். பக்கத்து வீட்டாரின் மொழி அவருக்குப் புரியாது. காலை ஒன்பது மணி முதல் மாலை வரை அவர் செவியில் விழும் தமிழெல்லாம் அந்தப் பெட்டி தருவதுதான். பிள்ளைகளுக்கோ, பெற்றோரைத் தவிர வேறு வாய்களிலிருந்து தமிழ் கேட்கும் வாய்ப்பு பல ஊர்களில் அதனால்தான் கிட்டுகிறது. ஆகவே, நாம் வாங்குவது திரையை மட்டுமன்று. தமிழ் நம் வீட்டிற்குள் வரும் வழியையும் சேர்த்தே வாங்குகிறோம்.

முதலில் உயர்தெளிவு என்பது யாது எனக் காண்போம். தொலைக்காட்சிப் படம் என்பது சின்னஞ்சிறு ஒளிப்புள்ளிகளின் தொகுதி. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில் தொலைக்காட்சி தொடங்கிய காலத்திலிருந்து நிலவிவந்த முறை 625 வரிகளைக் கொண்டது. அவற்றுள் படத்தைத் தாங்கி வருவன 576. எண்முறைக்கு மாறிய பின்னும் அந்தக் கணக்கே நிலைத்து, வரிக்கு 720 புள்ளியாக, 720-ஐ 576-ஆல் பெருக்கி வரும் 4,14,720 புள்ளிகள் ஒரு படத்திற்கு உரியனவாயின. இதுவே இன்று சாதாரணத் தெளிவு எனப்படுவது. இதனினும் நுண்ணிய படத்தைத் தேடும் ஆராய்ச்சியை ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 1964-இல் தொடங்கிற்று. இன்று உலகெங்கும் உயர்தெளிவு என வழங்குவது 1920-க்கு 1080 என்னும் அளவு. அதாவது 20,73,600 புள்ளிகள். 4கே என்று கடைகளில் விற்பதோ 3840-க்கு 2160. அதாவது 82,94,400 புள்ளிகள். நம் நாட்டில் பலரும் உயர்தெளிவுப் படத்தை முதன்முதலாகக் கேள்விப்பட்டது 2010-இல் தில்லியில் நடைபெற்ற காமன்வெல்த் விளையாட்டுகளைத் தூர்தர்ஷன் அம்முறையில் ஒளிபரப்பியபோது.

இந்த எண்களை வகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். சாதாரணத் தெளிவில் வரும் படத்தை உயர்தெளிவுத் திரையில் காட்ட வேண்டுமானால், வந்த புள்ளி ஒவ்வொன்றும் 5 புள்ளிகளாக விரிய வேண்டும். 4கே திரையிலோ 20 புள்ளிகளாக விரிய வேண்டும். மெய்யாக வந்தது ஒன்று. மற்றப் பத்தொன்பதும் பெட்டியினுள் இருக்கும் கணிப்பொறி ஊகித்து நிரப்பியவை. நல்ல பெட்டி நன்றாக ஊகிக்கும். மலிவான பெட்டி முகங்களை மெழுகுப் பொம்மைபோல் ஆக்கிவிடும். எப்படியாயினும் ஊகம் ஊகமே. இல்லாத செய்தியை எந்தத் திரையும் உண்டாக்க இயலாது.

எனவே, பெட்டிக் கடைக்குச் செல்லுமுன், நாம் பார்க்க விரும்பும் தமிழ் அலைவரிசைகள் எத்தெளிவில், எவ்வழியாக நம் ஊருக்கு வருகின்றன என்பதை அறிந்துகொள்ளுதல் வேண்டும். முன்னணிப் பொழுதுபோக்கு அலைவரிசைகள் சில உயர்தெளிவிலும் கிடைக்கின்றன. செய்தி அலைவரிசைகளிற் பல இன்னும் சாதாரணத் தெளிவில்தான் வருகின்றன. வருகின்ற வழிகளோ மூன்று: தெருவில் வரும் கேபிள், மாடியில் நிறுத்தும் டிஷ், வீட்டிற்குள் வரும் இணையம்.

கேபிளைப் பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. கேபிள்காரர் தம் வட்டாரத்தில் எம்மொழியினர் மிகுதியோ அம்மொழிக்கே இடம் தருவார். அது வணிக இயல்பு. மாதுங்காவிலும் தாராவியிலும் தமிழ் அலைவரிசைகள் வரிசையாக வரும். ஜபல்பூரில் ஒரு தமிழ்க் குடும்பத்திற்காக எந்தக் கேபிள்காரரும் வருந்தி அழைத்துத் தர மாட்டார்.

டிஷ் அவ்வாறன்று. செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நின்று, இந்தியா முழுவதற்கும் ஒரே வகையாகப் பொழிகிறது. கன்னியாகுமரியில் விழும் தமிழ் காசியிலும் விழுகிறது. வேற்று மாநிலத் தமிழருக்கு இதைவிடப் பெரிய உதவியை அண்மைக்கால விஞ்ஞானம் வேறொன்றும் செய்யவில்லை என்பது நம் கருத்து. தூர்தர்ஷனின் 'டிடி ஃப்ரீ டிஷ்' சேவைக்கு மாதக் கட்டணம் கிடையாது. டிஷ்ஷும் செட்டாப் பாக்ஸும் வாங்கி நிறுவும் செலவோடு சரி. 'பொதிகை' என்று நாம் அறிந்திருந்த அலைவரிசை 2024 ஜனவரியில் 'டிடி தமிழ்' எனப் பெயர் மாறியது. அது இச்சேவையில் கிடைக்கிறது. செட்டாப் பாக்ஸின் வேலையைத் தாமே செய்யும் செயற்கைக்கோள் ஏற்பி உள்ளடங்கிய பெட்டிகளும் உண்டு. அவற்றிற்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 18112 என்னும் தரத்தை 2022-இல் வகுத்திருக்கிறது.

டிஷ் வைப்பதற்கு வேண்டுவது திறந்த வானம். அதுவும் குறிப்பிட்ட திசையில். டிடி ஃப்ரீ டிஷ்ஷைச் சுமக்கும் ஜிசாட்-15 கீழ்த்திசை நெடுங்கோடு 93.5 பாகையில் நிற்கிறது. தில்லியிலிருந்து நோக்கினால் அது நேர் தெற்கிலிருந்து கிழக்குப்புறமாக ஏறத்தாழ 31 பாகை தள்ளி, அடிவானத்திலிருந்து 52 பாகை உயரத்தில் உள்ளது. கொல்கத்தாவில் கிழக்கே 13 பாகை தள்ளினால் போதும், ஏறக்குறையத் தெற்கேதான். மும்பையிலோ 49 பாகை. அதாவது தென்கிழக்கையும் சற்றே தாண்டிய திசை. தனியார் சேவைகளின் கோள்கள் சற்று முன்பின்னாக வேறு இடங்களில் நிற்பினும், அனைத்தும் தென்புற வானத்திலேயே உள்ளன. ஆகவே வாடகைக்கு அடுக்குவீடு பார்க்கும் தமிழர், குடிநீர் வருகிறதா என்று கேட்பதோடு, பால்கனி எத்திசை நோக்குகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளலாம். வடக்கு நோக்கிய பால்கனி மட்டுமே உள்ள வீடாயின், மொட்டைமாடியில் டிஷ் வைக்க வீட்டுச் சங்கத்தின் இசைவைக் குடிபுகுமுன்பே பெற்றுக்கொள்வது நலம். பெருமழையின்போது சிறிது நேரம் படம் நின்றுபோவது இவ்வலைகளின் இயல்பு. மழைத்துளிகள் அலையை உறிஞ்சிவிடுகின்றன. மழை விட்டதும் படம் தானே திரும்பும். அதற்காக ஆள் அழைத்துப் பணம் கொடுக்க வேண்டுவதில்லை.

தனியார் டிஷ் சேவையைக் கொள்வோர் ஓர் உரிமையை அறிந்திருத்தல் வேண்டும். தில்லியில் இணைப்புக் கேட்டால் இந்தித் தொகுப்பையே முதலில் நீட்டுவார்கள். ஆனால் இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2017-இல் வகுத்து 2019-இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அலைவரிசைகளைத் தனித்தனியாகத் தேர்ந்துகொள்ளும் உரிமை நேயருக்கு உண்டு. நாம் எந்த மாநிலத்தில் இருக்கிறோம் என்பது இதற்குத் தடையாகாது. ஒரே அலைவரிசையின் உயர்தெளிவு வடிவமும் சாதாரண வடிவமும் தனித்தனி விலையுடையவை என்பதையும் நினைவிற்கொள்க. உயர்தெளிவுப் பெட்டி வாங்கிவிட்டு, மாதச் சந்தாவில் சாதாரண வடிவத்தையே வைத்திருக்கும் வீடுகள் எத்தனையோ உள.

இணையவழி எளிது; ஆனால் இணைப்பின் விரைவைப் பொறுத்தது. உயர்தெளிவுப் படத்திற்கு நொடிக்கு 5 மெகாபிட் அளவில் தடையின்றி வர வேண்டும்; 4கே படத்திற்கு 15-க்குக் குறையாமல் வேண்டும். பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய 'வேவ்ஸ்' செயலியில் தூர்தர்ஷன் அலைவரிசைகளைக் காணலாம். இணையம் உள்ள இடத்தில் டிஷ் தேவையா என்று இளைஞர்கள் கேட்பதுண்டு. முதியவர் இருக்கும் வீட்டில் தேவை என்போம். காரணம் பின்னர் வரும்.

இனி, பெட்டியின் அளவு. குறையற்ற கண்ணானது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கிற்கும் குறைந்த இடைவெளியைப் பிரித்தறியாது. இக்கணக்கின்படி 43 அங்குல உயர்தெளிவுத் திரையை ஐந்தரை அடிக்கு அப்பாலிருந்து நோக்கினால் புள்ளிகள் தனித்துத் தெரியா. எட்டடி தூரத்தில் அமர்பவர் அதே அளவில் 4கே திரைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம், அவர் கண் காணாத நுட்பத்திற்குக் கொடுக்கும் பணமாகிவிடுகிறது. 55 அங்குலத் திரையாயின் இந்த எல்லை ஏழடி. அதனினும் அருகில் அமர்வோருக்கே 4கே-யின் பயன் கண்ணுக்குத் தெரியும். மறுபுறம், சாதாரணத் தெளிவில் வரும் படத்தின் குறையோ 55 அங்குலத் திரையில் 19 அடி தூரம் வரை தெரியும். 32 அங்குலத்தில் 11 அடிக்குள் மட்டுமே தெரியும். பழைய சிறு பெட்டியில் படம் நன்றாக இருந்ததாகத் தோன்றியதன் மர்மம் இதுதான். பெட்டி வளர்ந்தது, அலைவரிசை வளரவில்லை.

பத்தடிக்குப் பன்னிரண்டு அடி உள்ள கூடத்தில், ஏழெட்டு அடி தூரத்திலிருந்து, செய்தியும் தொடரும் பழைய திரைப்படமுமாகப் பார்க்கும் குடும்பத்திற்கு 43 அங்குலம் போதும் என்பது நம் முடிபு. கிரிக்கெட்டிலும் புதிய திரைப்படங்களிலும் ஆர்வம் மிக்கவர்கள் 55 வரை செல்லலாம். 32 அங்குலப் பெட்டிகளிற் பெரும்பாலானவை 'எச்.டி. ரெடி' எனப்படும் 1366-க்கு 768 புள்ளிகள் கொண்டவை. அவை முழு உயர்தெளிவு அல்ல; உறங்கும் அறைக்கு ஏற்றவை. முன்பு 32 அங்குலத்திற்கு மேற்பட்டவற்றிற்குச் சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காடாக இருந்தமையால் சிறிய பெட்டியை நாடியவர்கள் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் 18 விழுக்காடாகிவிட்டமையால் அந்தக் காரணம் இப்போது இல்லை.

கடையில் ஓடும் படத்தைக் கண்டு மயங்கலாகாது. மலர்களும் மீன்களும் மலையருவிகளும் நிறைந்த அந்தப் படம், பெட்டியைப் புகழ்வதற்கென்றே எடுக்கப்பட்டது. நாமோ வீட்டில் மீன்களைப் பார்க்கப்போவதில்லை. கடைப் பெட்டியில் இணையம் இருக்கும். அதில் ஒரு தமிழ்ச் செய்தி அலைவரிசையை வைக்கும்படி கேட்கலாம். பின்னர், வீட்டில் எவ்வளவு தூரத்தில் அமர்வோமோ அவ்வளவு தூரம் பின்னே சென்று, திரையின் அடியில் ஓடும் செய்தி வரியை வாசிக்க முயல வேண்டும். நம் எழுத்து இச்சோதனைக்கு மிகவும் ஏற்றது. மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி தெரிகிறதா? ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் வேறு வேறாகத் தோன்றுகின்றனவா? றன்னகரமும் டண்ணகரமும் குழம்பாமல் இருக்கின்றனவா? எழுத்து ஓடும்போது வால் நீள்கிறதா? இவற்றிற்கு விடை கிடைத்தால், அட்டையில் அச்சிட்டிருக்கும் விளம்பரச் சொற்களில் பாதியைப் படிக்காமலே விடலாம். அப்படியே பக்கவாட்டில் நகர்ந்தும் பார்க்க வேண்டும். சிலவகைத் திரைகளில் நேராக அமர்ந்தால் கருமை ஆழமாகத் தெரியும், பக்கத்திலிருந்து நோக்கினால் நிறம் வெளுக்கும். வேறு சில எக்கோணத்திலும் மாறாதவை. பாய் விரித்து நாற்புறமும் அமரும் குடும்பத்திற்குப் பின்னவையே ஏற்றவை.

வீட்டிற்கு வந்த பெட்டியை எங்கே வைப்பது? அமர்ந்திருப்பவரின் கண் மட்டத்தில் திரையின் நடுப்பகுதி அமைதல் நலம். சுவரின் உச்சியில் சாமிபடம்போல் மாட்டிவிட்டுக் கழுத்தை அண்ணாந்து பார்க்கும் வழக்கத்திற்கு அழகும் இல்லை, பயனும் இல்லை. சன்னலுக்கு நேர் எதிரே வைத்தால் பகலில் திரை கண்ணாடியாகிவிடும். வாடகை வீடாயின் துளையிடுமுன் உரிமையாளரின் இசைவைப் பெறுக. உறுதியான மேசையும் போதுமானதே.

அடுத்து இணைப்பு. பெரும்பாலோர் ஏமாறும் இடம் இதுதான். பெட்டி உயர்தெளிவு, சந்தாவும் உயர்தெளிவு, செட்டாப் பாக்ஸும் உயர்தெளிவு. ஆனால் இரண்டையும் இணைப்பதோ பழைய பெட்டியோடு இருந்த சிவப்பு, வெள்ளை, மஞ்சள் முனைகள் கொண்ட கம்பி. அக்கம்பியில் உயர்தெளிவுப் படம் செல்லவே செல்லாது. மஞ்சள் முனை சாதாரணத் தெளிவை மட்டுமே தாங்கும். வேண்டுவது எச்.டி.எம்.ஐ. கம்பி, மூன்றடி நீளத்திற்கு விலையுயர்ந்தது தேவையில்லை. அக்கம்பியை மாட்டிய பின்னும், செட்டாப் பாக்ஸின் அமைப்புப் பட்டியலில் படத்தின் அளவு 576 என்றிருந்தால் 1080 என மாற்ற வேண்டும். நிறுவ வருபவர் இதைச் செய்யாமலே போய்விடுவதுண்டு. அவர் இருக்கும்போதே செய்யச் சொல்லுக.

பின்னர், திரையின் அமைப்புகள். தொழிற்சாலையிலிருந்து வரும்போது பல பெட்டிகள் 'விவிட்' அல்லது 'டைனமிக்' என்னும் நிலையில் இருக்கும். கடையின் பேரொளியில் பிற பெட்டிகளை வெல்வதற்கான நிலை அது. வீட்டில் முகங்களைச் சிவக்கச் செய்து கண்ணை வருத்தும். 'சினிமா' அல்லது 'ஸ்டாண்டர்டு' என மாற்றுக. முதல் நாள் மங்கலாகத் தோன்றும். மூன்றாம் நாள் அதுவே இயல்பாகிவிடும். பல பெட்டிகள் படத்தின் நான்கு ஓரங்களையும் சிறிது வெட்டிவிட்டு நடுப்பகுதியைப் பெரிதாக்கிக் காட்டும். செய்தி வரியின் அடிப்பாகம் மறைந்தால் காரணம் இதுவே. 'ஸ்க்ரீன் ஃபிட்', 'ஜஸ்ட் ஸ்கேன்' என்று பெட்டிக்குப் பெட்டி பெயர் மாறும் ஓர் அமைப்பு இதனைத் தீர்க்கும்.

பழைய திரைப்படங்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 1952-இல் வெளிவந்த 'பராசக்தி' போன்ற படங்கள் ஏறத்தாழ 4-க்கு 3 என்னும் வடிவில் எடுக்கப்பட்டவை. இன்றைய திரை 16-க்கு 9. பழைய படத்தைத் திரை முழுதும் நிரம்பும்படி இழுத்தால், ஒவ்வொரு முகமும் மூன்றில் ஒரு பங்கு அகன்றுவிடும். சிவாஜி கணேசனின் கூர்ந்த முகத்தைப் பூசணிக்காய் ஆக்கிப் பார்ப்பதில் என்ன இன்பம் இருக்கிறதோ அறியோம். இருபுறமும் கருப்புப் பட்டை விழுந்தால் விழட்டும். படத்தின் வடிவத்தை 4-க்கு 3 என வைத்துப் பார்ப்பதே முறை. அவ்வாறே, திரைப்படங்கள் நொடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுபவை. இடையிடையே புதிய படங்களைப் புனைந்து செருகி அசைவை வழவழப்பாக்கும் ஒரு வசதி புதிய பெட்டிகளில் உண்டு. விளையாட்டிற்கு அது இருக்கலாம், திரைப்படத்திற்கு நிறுத்திவிடுக.

ஒலியில் குறை இருக்கும் என்பதை எதிர்பார்த்தே வாங்க வேண்டும். திரை மெலிய மெலிய ஒலிபெருக்கிக்கு இடமில்லாமற்போய், அது கீழ்நோக்கியோ பின்நோக்கியோ அமைக்கப்படுகிறது. உரையாடல் தெளிவாகக் கேட்காமல் முதியவர்கள் ஒலியை ஏற்றிக்கொண்டே போவதற்குக் காரணம் காது மட்டுமன்று. திரையின் அடியில் வைக்கும் சிறிய சவுண்ட்பார் இதற்குப் போதும். பெட்டியின் அளவில் ஓரிரு அங்குலத்தைக் குறைத்துக்கொண்டேனும் அதை வாங்கலாம்.

இப்போது முன்னர் விட்ட காரணத்திற்கு வருவோம். பெட்டிக்கு ஒரு ரிமோட், செட்டாப் பாக்ஸுக்கு ஒரு ரிமோட். திறந்ததும் ஆங்கிலத்தில் வரிசை வரிசையாகச் செயலிகள். தவறி ஒரு பொத்தான் அழுந்தினால் திரையில் 'நோ சிக்னல்' என்னும் சொற்கள். மகன் மாலையில் வரும்வரை தாயார் அந்த நீலத் திரையின் முன்னே அமர்ந்திருக்கிறார். அவருக்கு அன்று தமிழ் இல்லை. இத்துன்பத்தைப் போக்க வழிகள் உள. பெட்டியின் அமைப்பில், திறந்ததும் கடைசியாகப் பார்த்த இணைப்பிற்கே செல்லுமாறு வைக்கலாம். சி.இ.சி. என்னும் வசதியை இயக்கிவிட்டால், அதனை ஏற்கும் கருவிகள் ஒரே ரிமோட்டிற்குக் கட்டுப்படும். செட்டாப் பாக்ஸில் தமிழ் அலைவரிசைகளை மட்டும் விருப்பப் பட்டியலாக அமைக்கலாம். டிஷ்ஷில் எண்ணை அழுத்தினால் அலைவரிசை வரும். செயலிகளில் கடவுச்சொல்லும் புதுப்பித்தலும் கேட்கும். முதியவர் உள்ள வீட்டில் டிஷ் வேண்டும் என்றது இதனாற்றான். வேண்டாத பொத்தான்களின் மேல் ஒட்டுத்தாளை ஒட்டிவிட்டு, வேண்டிய மூன்று எண்களைத் தடித்த தமிழ் எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுவதும் ஒரு தொழில்நுட்பமே. இவற்றைச் செய்து முடித்து, தாயாரையே தனியாக இயக்கச் சொல்லி ஒருமுறை பார்த்த பிறகே பெட்டி நிறுவப்பட்டதாகக் கொள்ள வேண்டும்.

இறுதியாக ஒன்று. மாற்றலுக்குரிய பணியில் இருப்போர், பெட்டி வந்த அட்டைப்பெட்டியையும் அதனுள்ளிருந்த வெண்ணிற நுரை அச்சுகளையும் எறிந்துவிடாமல் பரண்மேல் வைத்திருக்க வேண்டும். மெல்லிய திரையை நிமிர்த்தியே கொண்டுசெல்ல வேண்டும். படுக்கவைத்து மேலே சுமை ஏற்றினால் விரிசல் விடும். லாரிக்காரருக்கு அது தெரியாது. டிஷ்ஷும் செட்டாப் பாக்ஸும் நம்மோடு வரலாம். போய்ச்சேர்ந்த ஊரில் டிஷ்ஷின் திசையை மட்டும் புதிதாகத் திருத்திக்கொண்டால், அலைவரிசை எண்கள் மாறா. சுவரில் ஒட்டிய தாளையும் உரித்து எடுத்துக்கொள்ளலாம்.